தடம் என்றே எழுதியிருக்க வேண்டும்

தம்பி,

நீ எழுதிய எதிருரையின் நகல் போன மாதம் என் கைக்கு வந்தது. ஊர்க்காரர்களுக்காக ஆஜராகும் வக்கீல், அந்தச் சின்னப் பெண், அட்டுவம்பட்டியில் நம் வீடு வரை வந்து கொடுத்துவிட்டுப் போனாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேடம், ஏழாவது பாராவ மட்டும் பாருங்க" என்றாள். நான் காபி போட்டுக் கொண்டு வருவதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். ஏழாவது பாராவைப் படித்தேன். வழி வெறும் நடைபாதைதான் என்பதை வாதிகளின் அப்போதைய வழக்கறிஞரே தமது பிராதில் ஒப்புக்கொண்டிருப்பதாகவும், பின்னர் அவர் இத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது அவையிலும் நடைபாதை என்றே குறிப்பிட்டதாகவும், ஆகவே இப்போது ஜீப் போக உரிமை கேட்பது பின்யோசனை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த 'அப்போதைய வழக்கறிஞர்' நான்தான். உன் சீனியரின் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்து இருக்கிறது. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "பிழையே இல்லாம எழுதியிருக்கான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பீன்ஸ் வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே போனார். பீன்ஸ் வீட்டில் இருந்தது.

உனக்குப் போன் செய்தேன். "அம்மா, இது புரொஃபஷன். பெர்சனலா எடுத்துக்காத" என்றாய். "நீயும் இருபது வருஷம் இதத்தானே செஞ்ச?" என்றாய். அதன் பிறகு சீனியர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய். இருபது வருடம் நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது; தெரிய விடாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். அதைத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், உன் வாட்ஸாப்புக்கு அனுப்பியிருக்கலாம். என் தவறு கோர்ட்டிலும் சட்டமன்றத்திலும் எல்லோர் முன்னாலும் நடந்தது. அதை உன் காதுக்குள் மட்டும் ஒப்புக்கொள்வது நியாயமில்லை. ஆகவே எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊரின் பெயரையும் விடுதியின் பெயரையும் எழுதவில்லை. உனக்கு இரண்டும் தெரியும்.

மேல்மலையில் பூண்டு போடும் ஓர் ஊர். அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரே ஒரு வழி. அது ஒரு பேரிக்காய்த் தோட்டத்தின் நடுவே போகிறது. தோட்டம் இப்போது கைமாறி விடுதியாகிவிட்டது. ரோட்டோரம் பெரிய இரும்பு கேட். அந்த கேட்டில் ஒரு காகிதத்தை லேமினேட் செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். பழைய தீர்ப்பின் நகல். ஆட்கள் நடந்து போகவும் குதிரையில் சுமை கொண்டுபோகவும் மட்டும் அனுமதி என்று அதில் இருக்கிறது. கீழே வாதிகளின் வக்கீல் என்று என் பெயர். மழையில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு என் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சின்னத்தாயி அக்கா பூண்டுக் காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். உனக்கு அவளைத் தெரியும். அந்தப் பழைய வழக்கின் முதல் வாதி. நீ முதல் வகுப்பு படிக்கும்போது என் ஆபீசுக்கு வந்தால் உன் கன்னத்தைக் கிள்ளி, "ஏலே குட்டி வக்கீலு, எங்க கேசு செயிக்குமா?" என்று கேட்பாளே, அவள்தான். அவள் பேத்தி போன் செய்து வாடகை ஜீப்பை வரச் சொன்னாள். ஜீப் வந்தது, கேட் திறக்கவில்லை. காவலுக்கு இருப்பவர் ஆடலூர்க்காரர். காபித் தோட்ட வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். அவர் அந்த லேமினேட் காகிதத்தைக் காட்டி, "நான் என்னங்க செய்ய, தெறந்தா என் சோலி போயிரும்" என்று அழுதிருக்கிறார். மேனேஜர் போனை எடுக்கவில்லை. கம்பளியை இரண்டு கம்பில் கட்டி, நான்கு பேர் அவளை இரண்டு மைல் சுமந்து வந்தார்கள். பாதி வழியில் விடுதியின் சொந்த ஜீப் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு மேலே போனது, மேகம் பார்க்க. இவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். ஒரு விருந்தாளி கை அசைத்தாராம். அதைப் பேத்தி என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

சரி, நடைபாதை என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் என் ஆபீஸ். எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. இந்த மலையில் பெண் வக்கீல் என்றால் விவாகரத்துக்கு மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். அப்போது ஒரு ஊரே படியேறி வந்தது. வெள்ளனே கிளம்பி நடந்து, பஸ் பிடித்து, பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்து முதலாளி வழியில் முள்வேலி போட்டுவிட்டார், திறக்க வேண்டும். நான் பேனாவை எடுத்து, "எத்தனை வருஷமா அந்த வழியா நடக்குறீங்க?" என்று கேட்டேன்.

"நடக்குறதா?" என்றாள் சின்னத்தாயி அக்கா. "அது எங்க தடம்மா. பூண்டு போகும், பொணம் போகும், பொண்ணு மாப்ளை போகும். குதுரை போகும். பெரிய மொதலாளி உசுரோட இருந்தப்ப அறுப்புக்கு அவரு ஜீப்பே வந்து மூட்டை ஏத்திட்டுப் போகும்."

குமாஸ்தா தட்டச்சு செய்து கொடுத்ததை நான் வாசித்துக் காட்டினேன். அதில் நடைபாதை என்று இருந்தது. அவள் நிறுத்தச் சொன்னாள். "அதென்னம்மா நடைபாதை? டவுன்ல கடை போட்டு ஒக்காந்திருப்பாகளே, அதா?" எல்லோரும் சிரித்தார்கள். "தடம்னே போடுங்களேன்."

"தடம்னு போட்டா ஏதோ மிருகம் நடந்த தடம்னு நெனச்சிருவாங்கக்கா. கோர்ட்டுல இதுதான் முறையான தமிழ்" என்றேன்.

"படிச்சவுக சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்று கைநாட்டு வைத்தாள்.

இதில் சட்டம் ஒன்றுமில்லை, தம்பி. தடம் என்று எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தடம் என்றே எழுதி, அதில் என்னென்ன போகும் என்று அவள் வாயால் சொன்னதை வரிசையாக எழுதியிருந்தால் போதும். நான் ஏன் எழுதவில்லை? எதிர்த்தரப்பு வக்கீல் நரைத்த மனிதர், ஆங்கிலத்தில் வாதாடுபவர். என் பிராதை அவர் படிக்கும்போது, காட்டுத் தமிழ் என்று உதட்டைச் சுழித்துவிடக் கூடாதே என்று பயந்தேன். கல்லூரியில் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். ஒரு ஊரின் வாழ்வாதாரத்தை எழுதும்போது அந்தப் பரிசை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிராதை எழுதும்போது நான் அந்த வழியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நில அளவை வரைபடத்தில் ஒரு புள்ளிக் கோடாகத்தான் பார்த்திருந்தேன். நீயும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் எதிருரையில் வழி வடக்கே போவதாக எழுதியிருக்கிறாய். அது மேற்கே போகிறது.

முதலாளி சமரசமாகப் போக ராஜிக்கு வந்தார். நடக்கவும் குதிரை கொண்டுபோகவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவே தீர்ப்பானது. நரைத்த வக்கீல் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் சிரித்தது ஜீப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பதற்காக என்று புரியப் பல வருடம் ஆனது. அன்று ஊர்க்காரர்கள் பூண்டை மாலையாகக் கட்டி எனக்குப் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நீ மூக்கைப் பொத்திக்கொண்டாய்.

உன்னைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லைப் பிடித்துத் தொங்கும் வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். உனக்கு எட்டு வயது. பரீட்சை முடியும் வரை டிவி பார்க்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். பிடித்துவிட்டார். "பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க, கேக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாய். அவர் கை ஓங்கினார். நான் நடுவில் புகுந்து, விழுந்து விழுந்து சிரித்து, உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். அன்று நான் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு அந்தப் பதினாறு மாதம். நான் ஏன் எம்.எல்.ஏ. ஆனேன் என்று நீ பள்ளியில் கட்டுரை எழுதினாய்: மக்களுக்குச் சேவை செய்ய. உண்மை இதுதான். இருந்தவர் இறந்துபோனார், இடைத்தேர்தல் வந்தது, கட்சிக்குள் இரண்டு பேர் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் கவிழ்ப்பார். இருவருக்கும் ஆபத்தில்லாத ஒரு ஆள் வேண்டும். பெண்ணாக இருந்தால் நல்லது, வக்கீல் என்றால் இன்னும் நல்லது, மிச்சக் காலம் முடிந்ததும் சத்தம் போடாமல் இறங்கிவிடுபவளாக இருந்தால் மிகவும் நல்லது. மேடையில் என்னை அம்மா என்றார்கள்; காருக்குள் "வக்கீல் பொண்ணு" என்றார்கள். என் லெட்டர் பேடு என் மேசையில் இருந்ததைவிட அவர்கள் பையில் இருந்த நேரம் அதிகம். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். இது இன்றும் எரிகிறது. எரிச்சல் அவர்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

ஓட்டுக் கேட்கத்தான் முதன்முதலாக அந்தத் தடத்தில் நடந்தேன். நடந்ததும் விளங்கியது. ஈர மண்ணில் இரண்டு ஆழமான பள்ளங்கள், இணையாக, ஊர் வரைக்கும். பழைய ஜீப் சக்கரங்கள் வருடக்கணக்கில் ஓடி உண்டாக்கியவை. அவற்றில் புல் முளைத்திருந்தது. சின்னத்தாயி அக்கா என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பள்ளத்தை நான் உற்றுப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இதத்தேன் அன்னைக்குச் சொன்னேன்" என்றாள். திட்டவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். "செயிச்சு வாங்க, ரோடு போட்டுருவோம்" என்றாள். ஊரில் இருந்த அத்தனை ஓட்டும் எனக்கு விழுந்தது.

சட்டமன்றத்தில் எனக்குப் பேசக் கிடைத்தது மூன்று நிமிடம். முதல் ஒன்றரை நிமிடம் தலைவர்களுக்கு நன்றி. அது வழக்கம், விட முடியாது. மிச்சத்தில் அந்த ஊரைப் பற்றிப் பேசினேன். இந்த முறை சரியாகத்தான் ஆரம்பித்தேன். "மேல்மலையில் எங்கள் மக்கள் தடம் என்று சொல்லும் ஒரு வழி" என்றேன். எனக்குப் பின்வரிசையில் இருந்து, எங்கள் கட்சிக்காரர்தான், உரக்கக் கேட்டார்: "என்ன தடம்மா? யானைத் தடமா, காட்டெருமைத் தடமா?" அவை சிரித்தது. எதிர்வரிசையும் சிரித்தது. "மலையில இருந்து வந்திருக்காங்க, விடுங்கப்பா" என்றது இன்னொரு குரல். நானும் சிரித்தேன், தம்பி. என் முகம் சூடானது, காது அடைத்தது, அதோடு சிரித்தேன். "நடைபாதை, பேரவைத் தலைவர் அவர்களே, நடைபாதை" என்று திருத்திக்கொண்டேன். நீ மேற்கோள் காட்டியிருக்கிறாயே அவைக் குறிப்பு, அதில் சிரிப்பொலி என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்தச் சிரிப்பொலியை ஏன் ஏழாவது பாராவில் சேர்க்கவில்லை?

உறுப்பினர் குறிப்பிட்ட நடைபாதையை மேம்படுத்த ஆவன செய்யப்படும் என்றார் அமைச்சர். மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். கோர்ட்டில் ஒரு குமாஸ்தா 'செய்வோம்' என்றால்கூட, என்றைக்கு, யார், எந்த உத்தரவில் என்று கேட்பவள் நான். அன்று எழுந்து "ஆவன என்றால் என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். ஆவன செய்தார்கள். வழியில் புறம்போக்காக இருந்த இரண்டு இடங்களில் இரண்டு சிமெண்ட் பெஞ்சு போட்டார்கள், நடைபாதையில் நடப்பவர்கள் உட்கார. பெஞ்சில் உட்காரும் இடத்திலேயே என் பெயர். இப்போது விடுதி விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். அன்று சின்னத்தாயி அக்காவைச் சுமந்து வந்தவர்கள் கைமாற்றிக்கொள்ள அவளை அந்த பெஞ்சில்தான் இறக்கி வைத்தார்களாம். "ஒங்க பேரு மேலதேன் படுத்திருந்தேன், வலிக்கு வாட்டமா இருந்துச்சு" என்றாள் என்னிடம்.

பதினாறு மாதம் முடிந்தது. சத்தம் போடாமல் இறங்கினேன். திரும்ப ஆபீசைத் திறந்தேன். வழக்கு கொண்டு வருபவர்கள் குறைந்தார்கள், சிபாரிசு கேட்டு வருபவர்கள் கூடினார்கள். முன்னாள் எம்.எல்.ஏ. என்று போர்டில் எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. ஆனாலும் மனுவில் ஒரு கட்சியின் வாடை அடிக்கும் என்று நல்ல வழக்குக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள். "தடம் என்னாச்சும்மா?" என்று கேட்பார்கள். நான் கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுப்பேன். இன்னொரு பிராது போட வேண்டும், என் பழைய பிராதில் தவறு இருக்கிறது என்று நானே எழுத வேண்டும். அதுதான் சரியான வழி என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். தோட்டத்து வாரிசு நல்ல மனிதர், கேட்டால் ஜீப்பை விட்டுவிடுவார், பிறகு எதற்கு வழக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாரிசு விற்றுவிட்டார். வாங்கியவர்கள் தீர்ப்பை வாசித்தார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பொங்கலுக்கு இரண்டு நாள் வந்திருந்தாய். என் அலமாரியைத் திறந்து, அந்த அவைக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ஜன்னலோரம் நின்று புரட்டினாய். "என்னடா தேடுற?" என்றேன். "சும்மாம்மா, நீ பேசினதப் படிக்கலாம்னு" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன், பையன் என் பேச்சைப் படிக்கிறான் என்று. உனக்குப் பிடிக்கும் என்று முறுக்கு எடுத்துவந்து வைத்தேன். நீ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். எதிர்த்தரப்புக்கு ஆஜராவது குற்றமில்லை. விடுதிக்காரருக்கும் வக்கீல் வேண்டும், நானும் எத்தனையோ வட்டிக்காரருக்கு நின்றிருக்கிறேன். என் பிராது கோர்ட் ஆவணம், அதை நீ எடுத்தால் எனக்குப் பேச வாயில்லை. ஆனால் என் அலமாரியிலிருந்து, என் கையால் முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே, சும்மா என்று சொல்லி எடுத்தாயே, அது வக்கீல் தொழில் இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நீ என் மகன் என்பதால் அதை எழுதாமல் விடுகிறேன். கேஸ் என்று சொல்லிக் கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். பக்கத்தையும் மடித்துக் கொடுத்திருப்பேன்.

சின்னத்தாயி அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது நீ இருக்கும் மதுரையில்தான். உன் சீனியரின் ஆபீசிலிருந்து ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குதுரைக்கு வழி இருக்காம், எனக்கு இல்லையாம். பேசாம குதுரையாப் பொறந்திருக்கலாம், லாடமாச்சும் அடிச்சு விட்டிருப்பாக" என்றாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது பாராவைச் சொன்னேன். எழுதியது யார் என்றும் சொன்னேன். "எதிர்த்து நிக்கிறது நம்ம குட்டி வக்கீலா?" என்றாள். "நல்லாப் பேசுறானா?"

"நல்லா எழுதுறான்" என்றேன்.

"அப்ப அவனையும் நம்ம பக்கம் இழுத்துருங்க, வெரசா முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். மாத்திரை. நான் வராந்தாவில் நின்று அழுதேன். பிறகு கீழே கேண்டீனில் ஒரு டீ குடித்தேன். அங்கேயே அந்தச் சின்னப் பெண் வக்கீலுக்குப் போன் செய்தேன், என்னைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி.

ஆம், நான் சாட்சி சொல்லப் போகிறேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. சொல்லலாம் என்று ஊரார் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தில் இருக்கும் ராஜியை வாய்மொழியால் மாற்ற முடியாது என்று நீ எழுந்து ஆட்சேபணை செய்வாய். செய்ய வேண்டும், நல்ல ஆட்சேபணை. நீதிபதி அதை ஏற்றுக்கொள்ளவும் கூடும். அப்படியானால் அக்கா சொன்ன வார்த்தை, நான் அதை மாற்றிய காரணம், மண்ணில் நான் பார்த்த சக்கரப் பள்ளம், எல்லாம் பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிடும். ஆனாலும் ஒருமுறை அந்த அறையில் உரக்கச் சொல்லப்பட்டிருக்கும், தடம் என்று, யாரும் சிரிக்காமல்.

என் பொருட்டு இந்த வழக்கிலிருந்து விலகாதே. விலகு என்றுதான் உன் அப்பா சொல்லச் சொல்கிறார். அவருக்கு வீட்டில் அமைதி வேண்டும். நீ விலகினால் உன் சீனியர் வேறொருவரை அனுப்புவார். அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டு, முன்னாள் உறுப்பினர் என்ற மரியாதையோடு மேலோட்டமாக நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். நீ அப்படிச் செய்ய மாட்டாய். எனக்கு எங்கே வலிக்கும் என்று உனக்குத் தெரியும், அங்கேயே கேட்பாய். ஏன் இத்தனை வருடம் சும்மா இருந்தீர்கள் என்று கேள். ஏன் அவையில் திருத்திக்கொண்டீர்கள் என்று கேள். வெட்கப்பட்டுச் செய்தேன் என்று பதில் சொல்வேன். அதைத் தட்டச்சர் தவறாக அடித்தால் திருத்தச் சொல்வேன். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களுக்கு உறவா என்று நீதிபதி கேட்டால் மகன் என்பேன். அப்போது நீ கோப்பைப் புரட்டாதே, நிமிர்ந்து நில்.

கடைசியாக ஒன்று. இது அம்மா சொல்வது இல்லை, எதிர்த்தரப்புச் சாட்சி சொல்வதும் இல்லை. உனக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒருத்தி சொல்வது. அதே நாளில் சின்னத்தாயி அக்காவும் சாட்சி சொல்ல வேண்டும். அவள் இப்போது ஊரில்தான் இருக்கிறாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நாலு எட்டு வைக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதும் கேட்டில் இறக்கித்தான் சுமந்து போனார்கள். தீர்ப்பு வரும் வரை நோயாளிக்கு மட்டுமாவது கேட்டைத் திறக்கச் சொல்லிப் போட்ட இடைக்கால மனுவையும் நீ எதிர்த்திருக்கிறாய், அதே நடைபாதையைக் காட்டி. திறப்பது உன் கட்சிக்காரர் கையில் இருக்கிறது. திறக்கச் சொல்வது உன் கையில் இருக்கிறது. ஒரு போன் செய்தால் போதும், எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. செய்யாவிட்டால் அன்று காலை நான் ஊருக்குப் போய், அவள் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவேன். எனக்கும் முன்னைப் போல முதுகில் தெம்பு இல்லை, அங்கங்கே நின்று நின்றுதான் வர முடியும். பத்தரை மணிக்கு வழக்கைக் கூப்பிடும்போது நாங்கள் பாதி வழியில் இருப்போம். வாதித் தரப்புச் சாட்சிகள் ஏன் இன்னும் வரவில்லை என்று நீதிபதி கேட்பார். அந்தச் சின்னப் பெண்ணைப் பதில் சொல்ல விடாதே. நீ எழுந்து சொல்.

அம்மா